லோடு பண்ணும் முன் நிப் (ஐஓஎஸ் ஆப்பில் திரைப் பகுதியின் வடிவைச் சேமித்த கோப்பு) இருக்கிறதா என்று பார்ப்பது: யார் யார் எப்படிச் செய்கிறீர்கள்?

காரைக்குடி:
கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று எழுதும் ஆப்களில் இப்போதெல்லாம் திரை எப்படி அமைய வேண்டும் என்பதை சர்வரே சொல்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பகுதிக்கு ஒரு கார்டு. கார்டின் பேர் ஜேசனில் (சர்வர் அனுப்பும் தரவு) வரும், ஆப் அதே பேரில் நிப்பைத் தேடி ஏற்றும். சர்வரில் புதிதாக ‘பட்டாலை’ என்று ஒன்றைச் சேர்த்தால், ஆப்பை அப்டேட் செய்யாதவர் போனில் அந்த நிப் இருக்காது. ஆப் அங்கேயே விழும்.

ஐஓஎஸ்ஸில் பலரை ஏமாற்றுவது நிப்பை ஏற்றும் ‘லோடுநிப்நேம்டு’ திருப்பித் தரும் ஆப்ஷனல் (மதிப்பு இருக்கலாம், வெறுமையாக, அதாவது ‘நில்’ ஆகவும் இருக்கலாம்). கேள்விக்குறி இருக்கிறதே, ‘இஃப் லெட்’ போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. கோப்பு இல்லையென்றால் அது நில் தருவதில்லை, அப்ஜெக்டிவ்-சி எக்செப்ஷன் எறிகிறது. ஸ்விஃப்டின் டூ-கேட்ச் அதைப் பிடிக்காது. ஆகவே முன்கூட்டியே பார்ப்பது ஒன்றே வழி. பண்டிலின் (ஆப்போடு வரும் கோப்புகளின் தொகுப்பு) ‘பாத் ஃபார் ரிசோர்ஸ்’ அழைப்பில் கார்டு பேரைக் கொடுங்கள், வகை என்ற இடத்தில் ‘நிப்’ என்று கொடுங்கள். எக்ஸ்கோடில் (ஐஓஎஸ் ஆப் எழுதும் கருவி) கண்ணுக்குத் தெரிவது எக்ஸ்ஐபி என்பதால் அதையே எழுதினால் எந்நாளும் நில்தான், ஏனென்றால் பில்டின்போது அது கம்பைல் ஆகி நிப்பாகத்தான் பண்டிலுக்குள் போகிறது. பல திரைகளை ஒன்றாக வைக்கும் ஸ்டோரிபோர்டும் அப்படியே: உள்ளே போனபின் அதன் வால் ‘ஸ்டோரிபோர்டுசி’.

‘யூஐநிப்’ ஆப்ஜெக்டை உருவாக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். இல்லாத பேரைக் கொடுத்தாலும் ஆப்ஜெக்ட் வந்துவிடும், இன்ஸ்டன்ஷியேட் செய்யும்போதுதான் (அதிலிருந்து வியூவை உண்டாக்கும்போது) வெடிக்கும். டேபிள் வியூவில் ரெஜிஸ்டர் செய்தால் அந்த வரிசை திரைக்கு வரும்வரை சத்தமே இருக்காது.

தேவகோட்டை:
அண்ணே சொன்னது சரி, ஆனால் அந்தப் பரிசோதனை சிமுலேட்டரில் (மேக்கில் ஓடும் போலி ஐபோன்) பொய் சொல்லும். மேக்கின் கோப்பு அமைப்பு வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்ப்பதில்லை. ஐபோன் பார்க்கும். வளவு கார்டின் பேர் கோப்பில் பெரிய ‘வி’யில் தொடங்கி, ஜேசனில் சின்ன ‘வி’யில் வந்தால், சிமுலேட்டரில் ‘இருக்கிறது’ என்று வரும், கையில் உள்ள போனில் ‘இல்லை’ என்று வரும்.

இதற்கு ஒரு மாற்று: பண்டிலில் நிப் என்ற வாலுடைய எல்லா யூஆர்எல்களையும் ஆப் தொடங்கும்போது ஒரே தடவை எடுத்து, பேர்களை ஒரு செட்டில் போட்டுவிடுங்கள். பிறகு கேட்பதெல்லாம் அந்த செட்டிடம்தான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் சிமுலேட்டரும் போனும் ஒரே பதிலைச் சொல்லும். ஓடுகிற ஆப்பின் பண்டில் மாறப்போவதில்லை, எனவே ஒரு தடவை எடுத்தால் போதும்.

இன்னொன்று, பண்டில் எது என்பது. கார்டுகளைத் தனி ஃப்ரேம்வொர்க்கில் வைத்திருந்தால் மெயின் பண்டிலில் தேடிப் பயனில்லை, கார்டின் கிளாஸுக்குரிய பண்டிலைக் கேட்க வேண்டும். ஸ்விஃப்ட் பேக்கேஜ் என்றால் ‘பண்டில் மாட்யூல்’. எந்தப் பண்டிலில் பார்த்தீர்களோ அதையே ஏற்றும் வரிக்கும் கொடுங்கள். பார்ப்பது ஓரிடம், ஏற்றுவது வேறிடம் என்றிருக்கும் கோடுதான் நான் ரிவ்யூவில் அதிகம் திருப்பி அனுப்புவது.

பள்ளத்தூர்:
ஆண்ட்ராய்டில் எழுத்துச் சிக்கல் கிடையாது, நிப்புக்கு நிகரான லேஅவுட் பேரில் பெரிய எழுத்து வந்தால் பில்டே ஆகாது. பேரைக் கொடுத்து ஐடி கேட்கும் ‘கெட் ஐடென்டிஃபையர்’ அழைத்தால் இல்லாததற்கு 0 தரும். 0-ஐ அப்படியே இன்ஃப்ளேட் செய்தால் (லேஅவுட்டிலிருந்து வியூவை உண்டாக்கினால்) ரிசோர்ஸ் இல்லை என்று எக்செப்ஷன்.

கவனிக்க வேண்டியது ரிலீஸ் பில்டு. கார்டு பேர் கோடில் எங்கும் இல்லாமல் சர்வரிலிருந்து மட்டும் வந்தால், ரிசோர்ஸ் ஷ்ரிங்கர் அந்த லேஅவுட் யாருக்கும் வேண்டாததென்று கழற்றிவிட வாய்ப்பு உண்டு. சில பதிப்புகளில் அது ஐடியை விட்டுவைத்து, கோப்புக்குள் ஒரு வெற்று எக்ஸ்எம்எல்லை மட்டும் போட்டுவிடும். அப்போது பதில் 0 வராது, பரிசோதனை தாண்டிவிடும், இன்ஃப்ளேட் செய்யும் வரியில் ‘எக்ஸ்’ என்றொரு கிளாஸைக் காணோம் என்று விழும். ரா ஃபோல்டரில் கீப் கோப்பு வைத்து, கார்டு லேஅவுட்களுக்குப் பொதுவான முன்னொட்டையும் நட்சத்திரக் குறியையும் ‘டூல்ஸ் கீப்’பில் எழுதிவிட்டால் தீர்ந்தது. டெபக் பில்டில் இதைப் பிடிக்கவே முடியாது.

கோட்டையூர்:
வெப்பில் இவ்வளவு பாடு இல்லை. வெப் ஆப் கட்டும் லாரவெலில் ‘வியூ எக்சிஸ்ட்ஸ்’ ஒன்றே போதும், அதைவிட ‘வியூ ஃபர்ஸ்ட்’ நல்லது: கேட்ட கார்டு, இல்லையென்றால் பொதுக் கார்டு என்று வரிசையாகக் கொடுத்துவிடலாம். ஜாங்கோவில் ‘செலக்ட் டெம்ப்ளேட்’ அதே வேலை.

எனக்கொரு கேள்வி. வெளியிலிருந்து வரும் சொல்லை அப்படியே கோப்புப் பேராக்குவது எதற்கு?

காரைக்குடி:
நியாயமான கேள்வி தம்பி. ஈனம் (enum, அனுமதித்த சொற்களின் பட்டியல்) ஒன்றை எழுதி, சர்வர் சொல்லையும் நிப் பேரையும் அதில் கட்டிவிடுவதே முறை. தெரியாத சொல் வந்தால் பேரும் சின்னப் படமும் மட்டும் உள்ள வெறும் கார்டு. அதைக் கோடிலேயே வரைந்துவிடுங்கள், அதற்கும் ஒரு நிப் வைத்தால் அதுவும் காணாமல் போகலாம். ஈனத்தில் இருந்தும் நிப் இல்லையென்றால் அது நம் பிழை. பயனருக்கு வெறும் கார்டைக் காட்டினாலும் நமக்குத் தெரிந்தாக வேண்டும்: ‘அசர்ஷன் ஃபெயிலியர்’ போட்டால் டெபக்கில் நிற்கும், ரிலீஸில் பேசாமல் போகும், அதனால் கூடவே லாகிலும் எழுதுங்கள்.

எக்ஸ்கோடில் கோப்பு தெரிந்தும் பண்டிலில் இல்லையென்றால் முதலில் கோப்பை ஆப்பில் சேர்க்கும் டார்கெட் மெம்பர்ஷிப் டிக்கைப் பாருங்கள். இதற்கு எதிரானதும் நடக்கும்: எக்ஸ்ஐபியை அழித்த பிறகும் பழைய நிப் சிமுலேட்டரில் கிடந்து ‘இருக்கிறேன்’ என்னும். ஆப்பை அழித்து, பில்டு ஃபோல்டரைக் கிளீன் செய்தால்தான் உண்மை தெரியும்.

தேவகோட்டை:
கோப்பு இருப்பது ஒன்று, அது சரியாக ஏறுவது வேறு. அவுட்லெட் (திரைப் பொருளைக் கோடோடு இணைப்பது) பேரைக் கோடில் மாற்றி, எக்ஸ்ஐபியில் மாற்றாமல் விட்டால் ‘கீ வேல்யூ கோடிங்’ என்ற சொல் வரும் எக்செப்ஷனோடு அதுவும் விழும். அதனால் யூனிட் டெஸ்டில் ஈனத்தின் ஒவ்வொரு கேஸையும் சுற்றிவந்து நிப்பை உண்மையாகவே இன்ஸ்டன்ஷியேட் செய்து பாருங்கள். டெஸ்ட் டார்கெட்டுக்கு ஹோஸ்ட் அப்ளிகேஷனாக ஆப்பைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மெயின் பண்டில் என்பது டெஸ்ட் ஓட்டும் கருவியின் பண்டிலாகிவிடும், எல்லா நிப்பும் இல்லையென்றே பதில் வரும்.