கட்டடக்கலை மாஸ்டர்ஸ்: மரபுரிமையா, பேண்தகு கட்டடமா? முழுப் புலமைப்பரிசில் எங்கே கிடைக்கும்?

நாற்சார்_பிள்ளை:
வணக்கம். மொறட்டுவையில் பி.ஆர்க் முடித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு ஒபிஸில் வேலை செய்கிறேன், இந்த வருடத்தோடு இரண்டு வருடம் நிறைகிறது. வருகிற வேலை எல்லாம் ஒரே மாதிரித்தான். சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், பழைய வீட்டை இடித்துப்போட்டு மேல்மாடி வீடு ஒன்று கீறித் தரச் சொல்லுவார். அண்மையில் கரவெட்டிப் பக்கம் ஒரு நாற்சார் வீட்டை, அதுதான் நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய வீட்டை, இடித்தார்கள். கூரையில் இருந்த பனஞ்சிலாகை ஒன்றுகூட உக்கவில்லை, அப்படியே விறகுக்கு லொறியில் ஏற்றினார்கள். பார்த்துக்கொண்டு நின்றேன், வேறு என்ன செய்வது.

மாஸ்டர்ஸ் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் மரபுரிமைப் பாதுகாப்புப் படிப்பதா, பேண்தகு கட்டடக்கலை படிப்பதா என்று தெரியவில்லை. வீட்டில் காசு இல்லை, கடன் எடுக்கவும் விருப்பமில்லை. போன அண்ணைமார் அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

ஜேர்மன்_குளிர்:
தங்கச்சி, இரண்டு வருடம் நிறைகிறது என்பதுதான் உங்கள் பதிவில் முக்கியமான வரி. ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட்டின் (DAAD) ஈபொஸ் (EPOS) புலமைப்பரிசில் திட்டத்துக்குப் பட்டம் முடித்தபிறகு குறைந்தது 2 வருட வேலை அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் 6 வருடத்துக்கு மேல் பழசாகவும் இருக்கக்கூடாது. அதாவது கதவு திறந்து சில வருடத்தில் மூடிவிடும், இன்னும் கொஞ்சம் அனுபவம் எடுப்போம் என்று இழுத்தால் போச்சு. எல்லாப் படிப்புக்கும் இந்தக் காசு வராது. ஒவ்வொரு வருடமும் பட்டியல் ஒன்று வெளிவரும், அதில் உள்ள படிப்புக்குத்தான். விண்ணப்பமும் நேரே அந்தப் படிப்பு நடக்கிற பல்கலைக்கழகத்துக்குத்தான் போகும்.

ஜேர்மனியின் கொட்பஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் உலக மரபுரிமை பற்றிய மாஸ்டர்ஸ் 1999இலிருந்து ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆனால் அது முகாமைத்துவம், கொள்கை, சட்டம் பக்கம்தான் கூட. சுவரில் கைவைக்க விரும்புகிற ஆளுக்கு அலுப்படிக்கும் என்பது என் எண்ணம். புலமைப்பரிசில் இல்லாமல் வருவதென்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 12,000 யூரோ முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். கல்விக் கட்டணம் இல்லைத்தானே என்று ஏஜென்சிக்காரர் சொல்லுவார்கள், பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

பனங்கூடல்:
ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசிலையும் பாருங்கள். தெரிவானால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும். ஒவ்வொரு வருடமும் எந்தப் படிப்புக்குக் காசு இருக்கிறது என்று அந்த வருடப் பட்டியலில் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கட்டடங்களின் கட்டமைப்பு ஆய்வுக்கென்றே மின்ஹோ, பிராக், பார்சிலோனா, பாதுவா ஆகிய இடத்துப் பல்கலைக்கழகங்கள் நாலும் சேர்ந்து நடத்துகிற மாஸ்டர்ஸ் ஒன்று உண்டு. கணக்கு நிறைய வரும், சிவில் படித்தவர்களுக்குச் சுகம், ஆர்க்கிடெக்டுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். ரேமன்ட் லெமேர் 1976இல் தொடங்கிய, இப்போது பெல்ஜியத்தின் லூவனில் இருக்கிற மரபுரிமைப் பாதுகாப்பு மையம் உங்கள் ரசனைக்குக் கிட்ட வரும்.

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் என்றால் 2,800 மணித்தியால வேலை அனுபவம், ஒரு வருடப் படிப்பு, முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பி 2 வருடம் இருக்க வேண்டும். செவனிங் தனியாக ஆங்கிலச் சான்று கேட்பதில்லை, ஆனால் பல்கலைக்கழகம் கேட்கும், ஆகவே ஐ.இ.எல்.ரி.எஸ்.ஸை இப்பவே எழுதி வைத்துவிடுங்கள்.

சுண்ணாம்புச்_சாந்து:
மேலே எல்லாரும் காசைப் பற்றியே கதைக்கிறீர்கள். பிள்ளை கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் அது இரண்டும் வேறு வேறு படிப்பு இல்லை. சுண்ணக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு இப்போது மேசன்மார் சீமெந்துப் பூச்சுப் போடுகிறார்கள். நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும், சீமெந்து வழியாகப் போகாது. உள்ளே தங்குகிற தண்ணீரில் இருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, பூச்சைத் தள்ளும். விரலால் தட்டிப் பார்த்தால் டப் டப் என்று வெறுஞ்சத்தம் கேட்கும், பிறகு ஒரு மாரியில் பலகை பலகையாகக் கழன்று விழும். உடனே வீட்டுக்காரர் சுவர் பழுது, இடிப்போம் என்பார். சுவர் பழுதில்லை, பூச்சுத்தான் பழுது.

உலகக் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்தால் வருகிறது. நிற்கிற சுவரை நிற்க விடுவதைவிடப் பேண்தகு வேலை எது?

சட்டத்தையும் கேளுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடம்தான் தானாகத் தொல்பொருளாகும். அதற்குப் பிந்தியது என்றால் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். எங்கள் நாற்சார் வீடுகளில் பெரும்பாலானவை அந்தத் திகதிக்குப் பிறகு கட்டியவை. யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்த நெதர்லாந்து காசு தந்தது, கரவெட்டி வீட்டுக்கு யார் தருவது? விண்ணப்பக் கட்டுரையில் இதை எழுதுங்கள். மரபைக் காப்பேன், பசுமையை வளர்ப்பேன் என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள், ஒருவரும் படித்து முடிக்க மாட்டார்கள்.

வெளிநாடு போகாமலும் வழி உண்டு. மொறட்டுவையிலேயே நினைவுச்சின்னங்கள் பாதுகாப்பில் எம்.எஸ்சி. இருக்கிறது. தொல்லியல் பக்கம் போவதென்றால் களனியோடு இணைந்த பட்டப்பின் படிப்பு நிறுவகம் கொழும்பில் இருக்கிறது.

வேம்படிச்_சந்தி:
இந்தியாவை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? இந்தியக் கலாசார உறவுகளுக்கான பேரவை (ஐ.சி.சி.ஆர்.) மூலம் இலங்கையருக்குப் பட்டமேற்படிப்புக்கு மௌலானா ஆசாத் திட்டம் இருக்கிறது, கட்டணமும் மாதக் கொடுப்பனவும் வரும். தில்லியின் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளியில் பாதுகாப்புக்கென்றே எம்.ஆர்க் உண்டு. வெயிலும் சுண்ணாம்பும் ஓட்டுக்கூரையும் தெரிந்த ஆசிரியர்களிடம் படிக்கலாம், அது ஐரோப்பாவில் கிடைக்காது. மாஸ்டர்ஸுக்கு முன்னம் ஆரோவில் மண் கட்டட நிறுவனத்தில் குறுகியகாலப் பயிற்சி எடுத்தால் கையும் பழகும், விண்ணப்பத்தில் போடவும் ஒன்று இருக்கும்.

இன்னொன்று, சான்றிதழ் உறுதிப்படுத்தக் கொழும்புக்கு ஓடாதீர்கள், வெளிவிவகார அமைச்சின் கிளை எங்கள் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்திலேயே) இருக்கிறது.

நாற்சார்_பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. சுண்ணாம்புச் சாந்து அண்ணை, கட்டுரைக்கு ஒரு வீட்டை அளந்து வரைந்து வைத்தால் நல்லதா? அம்மம்மாவின் ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்று தெரியும்.

சுண்ணாம்புச்_சாந்து:
ஓம், கட்டாயம். ஆனால் முதலில் சொந்தக்காரரிடம் வட்ஸப்பிலாவது எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பிறகு கரைச்சல் வரும். தளப்படம் மட்டும் கீறி விடாதீர்கள். சுவரில் ஈரம் எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறது, எங்கே சீமெந்து போட்டிருக்கிறது, முற்றத்துத் தண்ணீர் எந்த வழியால் போகிறது, எல்லாவற்றையும் படத்தில் குறியுங்கள். மாரிக்கு முன்னம் ஒரு தடவை, மழை பெய்து முடிந்ததும் ஒரு தடவை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.