தஞ்சை மேலவீதி: சோழர் போட்டதா, பின்னவர் போட்டதா?

கரந்தைக்காரன்:
தஞ்சையின் நான்கு ராஜவீதிகளும் பெரியகோயில் தேருக்காக ராஜராஜன் அமைத்தவை என்று ஒரு காணொளி சொல்கிறது. அதைப் பலரும் பகிர்ந்து வருகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. மதுரையில் மாசி வீதிகளும் ஆவணி மூல வீதிகளும் கோயிலை நடுவில் வைத்துச் சுற்றுகின்றன. தஞ்சையிலோ கீழராஜவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி ஆகிய நான்கும் அரண்மனையைச் சுற்றுகின்றன. பெரியகோயில் அந்தச் சதுரத்துக்கு வெளியே, தென்மேற்கில், தஞ்சைக் கோட்டையின் சிறிய பகுதியான சிவகங்கைச் சின்னக்கோட்டைக்குள் நிற்கிறது. அரண்மனை நாயக்கர் தொடங்கி, 1676க்குப் பின் மராட்டியர் விரித்தது. கோயிலுக்காகப் போட்ட வீதி கோயிலை விட்டு விலகியா ஓடும்?

சோழமண்டலம்:
அரண்மனை பிற்காலத்தது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதற்கு முன் அங்கே வெறும் பொட்டலா இருந்தது? சூரசிகாமணிப் பெருந்தெரு, காந்தர்வத் தெரு, ஆனைக்கடுவார் தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி எனத் தெருவும் அங்காடியுமாகப் பெரியகோயில் கல்வெட்டுகள் ஒரு முழு நகரத்தையே நமக்குக் காட்டுகின்றன. கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தென்சிறகு, வடசிறகு என்று வரிசை பிரித்து, ஆளுக்கு ஒரு வீடும் நூறு கலம் நெல்லும் ராஜராஜன் கொடுத்தான். எண்ணூறு ஆண்டுகள் கழித்துப் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் குடியிருந்து, அலாரிப்பு முதல் தில்லானா வரை சதிரின் (இன்றைய பரதநாட்டியம்) வரிசையை ஒழுங்குபடுத்தியதும் இதே மேலவீதியில்தான். இந்தத் தொடர்ச்சியை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா?

கரந்தைக்காரன்:
கலையின் தொடர்ச்சி வேறு, தெருவின் தொடர்ச்சி வேறு, ஐயா. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) தீக்கிரையாக்கியதாகப் பாண்டிய மன்னன் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தியே, அதாவது அவன் புகழ் பாடும் கல்வெட்டு வரிகளே, பெருமையோடு பேசுகிறது. தாங்கள் குறிப்பிட்ட தெருப்பெயர்களில் ஒன்றுகூட இன்றைய மேலவீதியைச் சுற்றி வழங்கவில்லை. அங்கே இன்று கண்ணில் படுவதெல்லாம் பின்னவர் விட்டுச்சென்றவை: வடமேற்குத் திருப்பத்தில் மூலை அனுமார், நடுவே கொங்கணேஸ்வரர், பங்காரு காமாட்சி கோயில்கள். காஞ்சியிலிருந்து பாதுகாப்புத் தேடிக் கொண்டுவரப்பட்ட அந்தப் பொன் அம்மனுக்குப் பூசை செய்த குடும்பத்தில் வந்தவர்தான் கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாஸ்திரி (1762–1827). அவர் வாழ்ந்ததும் இதே வீதியில்தான். நால்வருள் வடிவேலுவோ வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களுள் ஒருவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்கு 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். ஒரு வீதிக்கு இவ்வளவு பெருமை போதாதா? இதற்கு மேலும் ராஜராஜனை ஏன் துணைக்கு அழைக்க வேண்டும்?

மேலவீதிவாசி:
இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்; அந்த வீதியில் குடியிருப்பவன் என்பதால் குறுக்கிடுகிறேன். எங்கள் வீட்டின் திண்ணைத் தூண்கள் தேக்கு. தூண்தலைப் போதிகைகளில் கவிழ்ந்த வாழைப்பூ செதுக்கியிருக்கிறது. ரேழி தாண்டினால் முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம், மேலே நாட்டு ஓடு. ஒவ்வோர் ஐப்பசியிலும் ஓட்டைப் பிரித்து மாற்ற ஆள் தேட வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டார் திண்ணையை இடித்து இரண்டு ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீதி யாருடையது என்று நீங்கள் தீர்ப்பு எழுதுவதால் என் ஓடு ஒழுகாமல் நின்றுவிடுமா?

கரந்தைக்காரன்:
நிற்காதுதான். ஆனாலும் தீர்ப்புக்கும் ஓட்டுக்கும் தொடர்பு உண்டு. சோழர் வீதி என்று சொல்லிவிட்டால் பார்க்க வருகிறவர் சோழர் கல்லைத் தேடுவார். மேலவீதியில் அது கிடைக்காது, பெரியகோயிலைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார். தங்கள் வாழைப்பூப் போதிகை அவர் கண்ணில் படவே படாது. மராட்டியர் காலத்துக் குடியிருப்பு வீதி என்று சொன்னால் அந்தத் திண்ணையே சான்றாகிவிடும். கீழராஜவீதியில் சர்ஜா மாடி என்னும் மாளிகையின் மரவேலைப்பாட்டை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆக்கம் அது. சரஸ்வதி மகால் நூலகத்தோடு அவரை நிறுத்திக்கொள்கிறோம்.

சோழமண்டலம்:
அப்படியானால் தேரை எங்கே வைப்பீர்கள்? ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குப் பின் 2015 சித்திரையில் பெரியகோயில் தேர் மீண்டும் ஓடியபோது, இந்த நான்கு வீதிகளில்தான் ஓடியது. அன்று மின்கம்பிகளைக் கழற்றிக்கொடுத்தவர்களும் தேங்காய்த் தட்டோடு வாசலில் நின்றவர்களும் மராட்டியத் திண்ணைக்காரர்கள்தாம். ராஜராஜன் கோயிலின் சாமி வலம்வரும் வீதியைச் சோழர் தொடர்பே இல்லாதது என்று எப்படிச் சொல்வது?

கரந்தைக்காரன்:
தொடர்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. சோழர் போட்டது இல்லை என்றுதான் சொல்கிறேன். தன் கோயிலைச் சுற்றாமல், அதற்கு வெளியே போய், பின்னால் வந்த அரசரின் மாளிகையைச் சுற்றிவிட்டு அந்தத் தேர் திரும்புகிறது. கோட்டைக்குள் பெரிய வீதி அதுதான் என்பதால் தேர் அங்கே போயிற்று என்பதே என் கணிப்பு.

மேலவீதிவாசி:
தேர் மூலை அனுமார் கோயிலருகே திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கால் ஊன்ற இடம் வேண்டும். பழைய திண்ணைகள் வீதியை விட்டுச் சற்றே உள்வாங்கி இருந்தன; புதிய ஷட்டர் கடைகளின் படிகள் வீதிக்குள் இறங்கி நிற்கின்றன. வீடுகளைக் காப்பது பற்றிப் பேசுகிறவர்கள் ஓடு மாற்ற உதவித்தொகை கேட்டுத் தொடங்கட்டும். அந்த மனுவில் நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். அதில் சோழர் என்று எழுதினாலும் சரி, சரபோஜி என்று எழுதினாலும் சரி.