நாளொன்றுக்கு 40 தொன் குப்பை: ரோலரா, டோசரா, கொம்பக்டரா?

வாடைக்காற்று (கேள்வி):
வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் உள்ளூராட்சி சபையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். எங்கள் குப்பை நிரப்பிடத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 தொன் கழிவு, பெரும்பாலும் உழவு இயந்திரப் பெட்டிகளில், வந்து சேர்கிறது. இதுவரை வாடகைப் பெக்கோ (வாளியால் தோண்டி அள்ளும் இயந்திரம்) ஒன்றே அதனை அள்ளிக் குவித்து வந்தது. இப்போது சொந்தமாக இயந்திரமொன்றை வாங்க நிதி கிடைக்கக்கூடும் என்பதனால் சபையில் மூன்று யோசனைகள் எழுந்துள்ளன. களஞ்சியத்தில் நிற்கும் 10 தொன் வீதி ரோலரைத் திருத்திப் பயன்படுத்தலாம் என்கிறார் ஒருவர். பற்கள் பதித்த இரும்புச் சக்கரக் கொம்பக்டரைப் பாவித்த நிலையில் இறக்கலாம் என்கிறார் இன்னொருவர். நான், முன்தகட்டால் தள்ளிக்கொண்டு சங்கிலியில் ஓடும் டோசரை நினைக்கிறேன். நிலம் ஒரு ஹெக்டேயர்தான். அடியில் சுண்ணாம்புக்கல், சில மீற்றரில் கிணற்று நீர். ஆகையால் தோண்டிப் புதைக்க வழியில்லை, மேல்நோக்கியே வளர்க்க வேண்டும். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய பட்டறைக்காரன்:
தம்பி, ரோலரை முதலிலேயே விட்டுவிடுங்கள். அது கல்லும் கிரவலும் பரப்பிய சமதளத்துக்காகச் செய்யப்பட்டது. குப்பையின் மேல் ஏற்றினால் வழுவழுப்பான உருளை பிடிமானமின்றிச் சறுக்கும். வாழைத்தண்டையும் இளநீர்க் கோம்பையையும் அது உடைக்காது, மேலே உருண்டு போய்விட அவை பின்னால் மீண்டும் எழும்பி நிற்கும். பெக்கோ வாளியால் தட்டுவதும் பார்வைக்கு வேலை நடப்பதுபோல் இருக்குமே தவிர, மேல் ஓரடிக்குக் கீழே எதுவும் நடக்காது.

இனிக் கணக்கைப் பாருங்கள். 20 தொன் டோசரின் சங்கிலிகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3.6 சதுர மீற்றர் நிலத்தைத் தொடும் என்றால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு விழும் பாரம் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் மனிதனின் பாத அழுத்தத்தைப் போல் இரு மடங்குகூட வராது. சேற்றில் புதையாமல் டோசர் ஓடுவதற்கும், அது குப்பையை நன்றாக அமுக்காததற்கும் காரணம் இது ஒன்றே. கொம்பக்டரோ தன் முழு எடையையும் சில பற்களின் நுனியில் இறக்கிக் குப்பையைக் கிழித்து, நொறுக்கி, இடைவெளிகளை அடைக்கிறது. டோசரால் ஒரு கன மீற்றருக்குள் 500 முதல் 600 கிலோகிராம் வரை குப்பையை அடக்கலாம். நல்ல கொம்பக்டரால் 800 வரை கொண்டுவரலாம்.

வருடத்தில் 300 நாள் வேலை என்று வைத்தால் உங்களுக்கு 12,000 தொன் வரும். 500 இல் அது 24,000 கன மீற்றர், 800 இல் 15,000. ஒரு ஹெக்டேயரில் சராசரி 6 மீற்றர் உயரம் கிடைத்தால், மூடுமண்ணைச் சேர்க்காமலே, முதலாவது இரண்டரை வருடத்தில் நிரம்பும், மற்றது நான்கு வருடம் தாங்கும். ஆயினும் உங்களுக்கு நான் டோசரையே சொல்வேன்.

ஏனெனில் 40 தொன்னைப் பரப்பி அமுக்க நாளில் சில மணித்தியாலமே போதும். மிகுதி நேரம் டோசர் பாதை திருத்தும், மண் தள்ளும், வாய்க்கால் ஓரத்தைச் சீராக்கும். கொம்பக்டருக்கு வேறு வேலை தெரியாது. அது பழுதுபட்டால் உதிரிப்பாகம் வரும்வரை குப்பை குன்றாகும். டோசர் பழுதுபட்டால் மறுநாளே இன்னொன்றை வாடகைக்குப் பிடிக்கலாம்.

உப்பளத்தடி:
மேலே எழுதிய ஐயாவின் கணக்கை ஏற்றாலும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. குடாநாட்டில் ஒரு ஹெக்டேயர் நிரம்பிய பின் அடுத்த ஹெக்டேயரை எங்கே தேடுவது? எந்த ஊரும் இடம் தர இணங்காத சூழலில் ஒன்றரை வருடம் கூடுதலாகக் கிடைப்பது இயந்திரத்தின் விலையை விடப் பெரிது. அயல் சபைகள் இரண்டு மூன்று ஓரிடத்தில் கொட்டச் சம்மதித்து நாளாந்த அளவு 150 தொன்னைத் தாண்டுமானால் கொம்பக்டரே பொருத்தம். சபைகள் அப்படி ஒன்றுகூடுமா என்பது வேறு கதை.

கிணற்றுக்கட்டு:
நான் நிலத்தடி நீரோடு தொடர்புடைய பொறியியலாளர். இருவரும் தொடாத இரண்டு விடயங்கள் உள்ளன.

முதலாவது, கழிவுநீர் நிலத்துக்குள் இறங்காதபடி அடியில் விரிக்கும் அடித்தள விரிப்பு. எங்கள் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் குகையும் நிறைந்திருப்பதனால் கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணறுகளுக்குப் போய்ச் சேரும்; ஆகவே விரிப்பு இல்லாமல் தொடங்கவே கூடாது. அந்த விரிப்பின் மேல் முதல் ஒரு மீற்றருக்குக் கம்பி, மரக்கட்டை, கூரைத்தகடு எதுவும் இல்லாத மென்மையான குப்பையையே இட வேண்டும். அந்தப் படையின் மேல் பற்சக்கர இயந்திரம் ஏறக்கூடாது. குப்பையை முன்னே தள்ளி அதன் மேலேயே நின்று நகரும் டோசர்தான் பாதுகாப்பானது.

இரண்டாவது, எங்கள் குப்பையின் ஈரம். அதில் பெரும்பகுதி சமையலறைக் கழிவும் மரக்கறிக் கழிவும். மாரியில், ஐப்பசி கார்த்திகையில், அது களிபோல் ஆகிவிடும்போது இரும்புச் சக்கரம் அமுக்குவதை விடப் புதைவதே அதிகம். நான் சொல்வது தாளில் உள்ள 800 எங்கள் மாரியில் கிடைக்காது என்பதுதான்.

எந்த இயந்திரமானாலும் முறை சரியாக இருக்க வேண்டும். ஒரு படை 60 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல், கிடையாக மூன்றுக்கு உயரம் ஒன்று அல்லது நான்குக்கு ஒன்று என்ற சாய்வில், கீழிருந்து மேலாகத் தள்ளி, ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை ஓட்ட வேண்டும். இரண்டு மீற்றர் தடிப்பாகக் கொட்டிவிட்டுப் பத்து முறை ஓட்டினாலும் பயனில்லை. செங்குத்தாகக் குவித்த குப்பை என்ன செய்யும் என்பதை 2017 ஏப்ரல் 14 இல் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் நாடே கண்டது. குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நன்றாக அமுக்கி மூடிய குப்பைக்குள் காற்றும் குறைவாகப் புகுவதால் சோளகக் காலத்தில் தீ மூளுவதும் குறையும்.

வாடைக்காற்று:
மூவருக்கும் நன்றி. டோசர் என்றே எழுதப்போகிறேன். விலைமனுவில் எவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்?

பழைய பட்டறைக்காரன்:
கட்டிட வேலைக்கான சாதாரண டோசரைத் தந்துவிட்டுப் போவார்கள், கவனம். அடிவயிற்றுக்கு முழுக் கவசம், தகட்டின் மேல் குப்பை தாண்டி விழாதபடி கம்பித் தடுப்பு, ரேடியேற்றரில் ஒட்டும் பொலித்தீனை வெளியே ஊதித் தள்ளும் திசைமாற்று விசிறி, சேறு பிதுங்கி வெளியேறும்படி நடுவில் துளையிட்ட சங்கிலித் தகடுகள், வடிகட்டிய காற்றுள்ள மூடிய அறை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். சங்கிலியைச் சுழற்றும் பற்சில்லின் அச்சுக்கும் காப்பு வேண்டும்; கரையோரக் குப்பையில் வரும் நைலோன் வலை அதிற் சுற்றினால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும். எங்கள் காலத்தில் மாலையில் அரை மணித்தியாலம் கத்தியோடு குனிந்து வலை வெட்டுவதற்கென்றே ஒரு பையன் இருந்தான்.

இன்னுமொன்று: மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேட்டை நில அளவை செய்து, அந்த இடைவெளியில் வந்த தொன்னை ஏறிய கன அளவால் வகுத்துப் பாருங்கள். உங்களிடம் எடைமேடை இல்லையென்றால், பத்துப் பெட்டிகளை ஏதாவது ஆலையில் நிறுத்துச் சராசரி எடுத்துக்கொண்டு பெட்டிகளை எண்ணினாலே போதும். கன மீற்றருக்கு 550 கிலோகிராமுக்குக் கீழே போனால் ஓட்டுநர் தடிப்பாகத் தள்ளுகிறார் என்று பொருள்.