சென்சர் இரண்டும் மாற்றியும் என்ஜின் லைட் திரும்ப எரிகிறது

அண்ணாமாரே, ஒரு உதவி வேண்டும். அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் கார் இது, வழியில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஸ்கேன் செய்தால் பி0171 என்ற பழுதுக் குறியீடு வருகிறது, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. முன் ஒக்சிஜன் சென்சரையும் காற்று அளக்கும் சென்சரையும் புதிதாகப் போட்டோம். குறியீட்டை அழித்தால் லைட் அணைகிறது. உவர்மலையிலிருந்து கந்தளாய் போய் வருவதற்குள் திரும்ப எரிகிறது.

கார் நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் பெட்ரோல் திருத்தம் (கலவையைச் சரிசெய்ய கார் கம்ப்யூட்டர் கூட்டும் பெட்ரோல்) கூட்டல் 22 வீதம், என்ஜின் நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடும்போது 6க்கு இறங்குகிறது. பெட்ரோல் பம்ப் பழுது என்றால் வேகம் கூடும்போதுதானே மோசமாகும்? இன்டேக்கில், அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில், எங்கோ காற்று கசிகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கராஜிலோ மூன்றாவது சென்சரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

அதற்கு முன், புகை விட்டுக் கசிவு பார்க்கும் மெஷின் திருகோணமலையில் யாரிடமாவது இருக்கிறதா? சொல்லுங்கள், நாளைக்கே கொண்டுவருகிறேன்.