கரும்பு டிரெய்லருக்கு ஸ்பிரிங் கொக்கி பொருந்துமா?

நெல்லிக்குப்பத்து உழவர்:
அனைவருக்கும் வணக்கம். சென்ற அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லருடன் வயலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும்போது, என் டிராக்டரின் முன்சக்கரங்கள் ஒரு சாண் உயரம் தரையை விட்டு எழும்பிவிட்டன. அந்த ஒரு நொடியில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை; பக்கத்தில் என் மகன் நின்றுகொண்டிருந்தான். அன்றிலிருந்து இதற்கு ஒரு நிலையான தீர்வைத் தேடுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், தங்கும் வசதி கொண்ட டிரெய்லரைத் தம் வண்டியில் இழுத்துச் செல்பவர். அதன் கொக்கியில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் இருக்கின்றன. அவற்றின் முனைகளைச் சங்கிலியால் டிரெய்லரின் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினால், பின்அச்சில் விழும் சுமையில் ஒரு பகுதி முன்அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் போய்விடுகிறது. டிரெய்லரை மாட்டுவதற்கு முன்பு முன்சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டின் உயரத்தை அளந்துகொள்கிறார். மாட்டிய பின் அது எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்கிறார். பிறகு வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு அந்த உயரம் இறங்கும் வரை சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இறுக்குகிறார். இதே அமைப்பை நம் பட்டறைகளில் செய்து டிராக்டருக்கு மாட்டினால் என்ன?

பாகூர் பட்டறைக்காரர்:
ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இந்தத் தீர்வை நான் செய்து தரமாட்டேன். அந்தக் கொக்கி சமமான சாலையில் ஓடும் வண்டிக்காக உருவானது. நீங்கள் சொல்லும் மேட்டின் அடியில் டிராக்டர் மேல்நோக்கியும் டிரெய்லர் சமதளத்திலும் நிற்கும். கொக்கி இருக்கும் இடம் பள்ளத்தில் கிடக்கும். அந்த நிலையில் ஸ்பிரிங் கம்பிகள் அளவுக்கு மீறி வளைந்து, முன்சக்கரத்தை அழுத்துவதோடு பின்சக்கரத்தின் சுமையையும் தூக்கிவிடும். டிராக்டரை இழுப்பதே பின்சக்கரம்தான். சேற்று வயலிலிருந்து ஏறும் அந்த இடத்தில் அதன் பிடிப்பைக் குறைத்தால், சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. உங்கள் மைத்துனரைப்போலத் தங்கும் டிரெய்லர் வைத்திருப்பவர்கள்கூடச் செங்குத்தான ஏற்ற இறக்கம் வந்தால் கம்பிகளைத் தளர்த்திவிடுகிறார்கள். நமக்கு அந்த ஏற்றம் ஒவ்வொரு நடையிலும் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மட்கார்டு உயரத்தை அளக்கும் முறை டிராக்டருக்குப் பொருந்தாது. சாதாரண டிராக்டரின் முன்அச்சில் ஸ்பிரிங் கிடையாது. சுமை குறைந்தாலும் டயர் சற்று உப்புவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

கேப்பர் மலை ஓட்டுநர்:
இருவருமே எளிய வழியை விட்டுவிட்டீர்கள். டிரெய்லரில் கரும்புக் கட்டுகளைப் பின்தள்ளி அடுக்கினால் கொக்கியின் மேல் விழும் பாரம் குறையும், முன்பக்கம் தூக்காது. இருபது ஆண்டுகளாக மலையில் ஏறி இறங்கும் நான் அப்படித்தான் ஏற்றுகிறேன். கொக்கியில் பாரம் கூடியதால் பின்அச்சு விரிசல் விட்ட டிராக்டர்களையும் பார்த்திருக்கிறேன்.

பாகூர் பட்டறைக்காரர்:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அளவு தாண்டினால் அதுவே ஆபத்து. கொக்கியிலிருந்து டிரெய்லரின் அச்சு 4 மீட்டர் தள்ளி இருந்தால், 6 டன் கரும்பை 20 சென்டிமீட்டர் பின்தள்ளும்போதே கொக்கிப் பாரம் 300 கிலோ குறைந்துவிடும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் டிரெய்லர் பின்பாரமாகி, கொக்கியை மேலே தூக்கத் தொடங்கும். இறக்கத்தில் பிரேக் போடும்போது லேசாகிப்போன பின்சக்கரங்களைப் பின்னாலிருந்து தள்ளும். சாலையில் டிரெய்லர் பக்கவாட்டில் வால்போல ஆடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

என் கணக்கை வெளிப்படையாக வைக்கிறேன். 2 டன் எடையுள்ள டிராக்டரில் முன்அச்சில் 800 கிலோ இருக்கிறது என்று கொள்வோம். அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர். கொக்கி பின்அச்சுக்கு 75 சென்டிமீட்டர் பின்னால். கொக்கியில் 800 கிலோ விழுந்தால் முன்அச்சில் 300 கிலோ குறைந்து 500 மிஞ்சும். ஏற்றத்தில் 1 டன் விசையோடு இழுக்கும்போது, கொக்கி தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 250 கிலோ போய்விடும். கொக்கியை 70 சென்டிமீட்டருக்கு உயர்த்தியிருந்தால் போவது 350. மீதம் 150 கிலோ. சரிவு தன் பங்குக்குப் பின்னால் தள்ளுவதை நான் இதில் சேர்க்கவேயில்லை. ஸ்டியரிங் கேட்பதற்கு டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 400 கிலோ, முன்னால் இருக்க வேண்டும். ஆகவே நெல்லிக்குப்பத்து ஐயா முதலில் கொக்கியின் உயரத்தைச் சொல்ல வேண்டும். டாப் லிங்க், அதாவது உழவுக் கருவியை டிராக்டரின் பின்புறத்தோடு இணைக்கும் மேல்கம்பி, மாட்டும் இடத்தில் எதையும் கட்டி இழுக்கவே கூடாது. டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மேல் விழுவது அப்படித்தான்.

நெல்லிக்குப்பத்து உழவர்:
அளந்தேன், 68 சென்டிமீட்டர் இருக்கிறது. பழைய டிரெய்லரின் சட்டம் உயரமானது என்பதற்காக முன்பு ஒருவரிடம் கொடுத்துக் கொக்கியை ஏற்றி வைத்தேன். இது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஸ்பிரிங் கொக்கியை நான் முழுவதும் கைவிடவில்லை. மேட்டைத் தாண்டிவிட்டால் ஆலை வரை தார்ச்சாலைதானே? மேட்டில் தளர்த்தி, சாலையில் இறுக்கினால் என்ன?

பாகூர் பட்டறைக்காரர்:
வெட்டு நேரத்தில் ஒவ்வொரு நடைக்கும் இறங்கி இறுக்குவதற்கு ஆள் இருக்காது, ஐயா. ஒரு நாள் மறந்தாலும் கம்பி தெறிக்கும். கொக்கியை டிராக்டரின் கையேட்டில் உள்ள உயரத்துக்கு இறக்கி, டிரெய்லரின் இழுவைச் சட்டத்தை அதற்கேற்ப வளைத்து வெல்டிங் செய்யலாம். முன்அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் 100 கிலோ இரும்பு எடையை மாட்டினால், முன்னால் 130 கிலோ கூடும், பின்னால் 30 கிலோதான் குறையும். டிராக்டருக்கென்று நிறுவனமே விற்கும் எடைகளை மாட்டுங்கள். மண் மூட்டையைக் கட்ட வேண்டாம்.

கேப்பர் மலை ஓட்டுநர்:
முன்எடை போட்டால் முன்அச்சின் புஷ், அதாவது அச்சு அசையும் இடத்திலுள்ள உலோக வளையம், சீக்கிரம் தேயும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். கொக்கி உயரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. சுமை அடுக்குவதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் எவ்வளவு பின்தள்ளலாம் என்பதற்கு நானும் கண்ணளவைத்தான் நம்பியிருக்கிறேன்.

நெல்லிக்குப்பத்து உழவர்:
அப்படியானால் எடைமேடையில் பார்த்துவிடுவோம். டிராக்டரின் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி, டிரெய்லர் இல்லாமல் ஒரு முறையும், வழக்கமான சுமையோடு ஒரு முறையும், ஓட்டுநர் அண்ணன் சொல்வதுபோல் பின்தள்ளி அடுக்கி ஒரு முறையும் எடை எடுக்கிறேன். நிற்கும்போதே 500 கிலோவுக்குக் கீழே போனால் அந்த அடுக்கை விட்டுவிடுவேன். கொக்கியை இறக்கும் வேலைக்கு வரும் வாரம் பாகூருக்கு டிரெய்லரைக் கொண்டுவரலாமா?