முன்கவை மேம்பாடு: ‘முன்சுமை’யா, ‘தொடக்கச் சுருக்க’மா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மோட்டார் சைக்கிளின் முன் போர்க்கை (fork) மேம்படுத்துவது பற்றிய கட்டுரைக்காக முன்வைக்கப்பட்ட சொற்பட்டியலைப் படித்தேன். அதில் போர்க்குக்குத் தந்துள்ள ‘கவை’ என்ற சொல்லை மனமார வரவேற்கிறேன். கவைக்கோல், கவட்டை என்று இன்றும் வழக்கில் உள்ள சொற்குடும்பத்தைச் சேர்ந்தது அது. இரண்டாகப் பிரிந்து சக்கரத்தைப் பற்றி நிற்கும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ‘முன்சுமை’ (preload), ‘தொய்வு’ (sag), ‘வில் மாறிலி’ (spring rate) ஆகிய மூன்றையும் மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இவற்றில் குழப்பம் நேர்ந்தால், கட்டுரையைப் படிப்பவர் தம் வண்டிக்குத் தேவையில்லாத பாகத்தை வாங்கிவிடுவார்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் முன்புறம் சட்டெனத் தாழ்கிறது என்று பட்டறைக்குப் போகிறவர், ‘போர்க்கை டைட் பண்ணுங்கள்’ என்று கேட்பதே வழக்கம். அந்த ஒரு சொல்லுக்குள் வில்லின் (ஸ்பிரிங்) விறைப்பு, வில்லைச் சுருக்கி வைத்திருக்கும் அளவு, எண்ணெயின் தடை என்ற மூன்று வெவ்வேறு செய்திகள் அடங்கியிருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு பாகங்களால் அமைபவை. ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்ய முயன்றால் வண்டி வேறொரு வகையில் கெடும். ஆகவே இம்மூன்றையும் தனித்தனியே காட்டும் சொற்களே நமக்கு முதல் தேவை. ஆயில் சீல், புஷ் போலக் கடையில் பெயர் சொல்லி வாங்கும் பொருள்களை அந்தப் பெயர்களிலேயே விட்டுவிடலாம்.

முதலில் வில் மாறிலி. பள்ளி இயற்பியலில் இது சரியான சொல்தான். ஆனால் பல தொழிற்சாலைக் கவைகளில் சுருளின் இடைவெளி ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கிறது. நெருங்கிய சுருள்கள் முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், வில் சுருங்கச் சுருங்க அதன் விறைப்பு ஏறுகிறது. அதை ‘மாறும் மாறிலி’ என்று எழுத நேரும். ‘வில்விறைப்பு’ என்று கொண்டால் இந்த முரண் எழாது. சீரான சுருள்கொண்டதை நேர்விறைப்பு வில் என்றும், மற்றதை ஏறுவிறைப்பு வில் என்றும் பிரித்துவிடலாம்.

அடுத்து, மிகுதியாகக் குழப்பக்கூடிய ‘முன்சுமை’. இருசக்கர வண்டியைப் பற்றிய கட்டுரையில் ‘முன்’ என்ற அடை வந்தால், படிப்பவர் முன்சக்கரத்தையே நினைப்பார். முன்பிரேக், முன்சக்கரம் என்ற வரிசையில் முன்சுமையை முன்சக்கரத்தின் மீதுள்ள பாரம் என்றுதான் பொருள்கொள்வார். அதைவிட முக்கியமாக, குறிக்கப்படுவது சுமையே அன்று. கவை முழுதும் நீண்டிருக்கும் நிலையிலேயே உள்ளிருக்கும் வில் எத்தனை மில்லிமீட்டர் குறுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அது. நீளத்தால் அளக்கப்படுவதை நீளத்தைச் சுட்டும் சொல்லால் குறிப்பதே முறை என்பதால் ‘தொடக்கச் சுருக்கம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘தொடக்க அமுக்கம்’ என்ற மாற்றையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அழுத்தம் என்பதை ஈழத்தில் அமுக்கம் என்பார்கள். கவைக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தத்தையும் நாம் பேசப்போகிறோம் என்பதால், அச்சொல் ஈழத்து வாசகரை வேறெங்கோ கொண்டுபோய்விடும்.

இந்தச் சொல் பொருந்துகிறதா என்பதை ஒரு கணக்கால் சோதிக்கலாம். இரண்டு கால்களிலும் ஒரு மில்லிமீட்டருக்கு 6 நியூட்டன் விறைப்புள்ள நேர்விறைப்பு வில்கள் இருந்தால், கவையின் மொத்த விறைப்பு மில்லிமீட்டருக்கு 12 நியூட்டன். தொடக்கச் சுருக்கம் ஏதுமில்லாதபோது 600 நியூட்டன் பாரம் கவையை 50 மில்லிமீட்டர் தாழ்த்தும். 10 மில்லிமீட்டர் தொடக்கச் சுருக்கம் கொடுத்தால், முதல் 120 நியூட்டனுக்குக் கவை அசையாது; அதே 600 நியூட்டனுக்கு 40 மில்லிமீட்டர் தாழும். ஆனால் அதற்குப் பிறகும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 12 நியூட்டன்தான் வேண்டும். வண்டியின் முன்புறம் உயர்ந்து நிற்கிறதே தவிர, வில் சிறிதும் விறைப்பாகவில்லை. தொடக்கச் சுருக்கத்தைக் கூட்டும் மூடித் திருகைத் திருகிவிட்டுக் கவை ‘டைட்’ ஆகிவிட்டது என்று நம்புகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லின் வழியாகவே உணர்த்த முடிந்தால் அது பெரிய உதவி.

‘தொய்வு’ நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் அதே வண்டியின் சங்கிலி தளர்ந்து தொங்குவதை நாம் ஏற்கெனவே தொய்வு என்கிறோம். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. மேலும் தொய்வு ஒரு குறையைச் சுட்டும். இங்கே குறிக்கப்படுவதோ குறை அன்று, பாரம் ஏறியதும் கவை எவ்வளவு தாழ வேண்டும் என்று வேண்டியே அமைக்கும் அளவு. ஓட்டுநர் ஏறியதும் ‘வண்டி உட்காருகிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்வதையே அடியாகக் கொண்டு ‘அமர்வாழம்’ என்று வைக்கலாம். வண்டி தன் எடையில் அமர்வது தன்னமர்வாழம்; ஆளும் மூட்டையும் ஏறியபின் அமர்வது சுமையமர்வாழம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டியின் முன்கவை 200 மில்லிமீட்டர் அசையக்கூடியது. அதில் சுமையமர்வாழம் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் இருப்பது நல்ல தொடக்கம். தொடக்கச் சுருக்கத்தை எவ்வளவு கூட்டியும் இந்த அளவு வரவில்லையென்றால் வில்லையே மாற்ற வேண்டும் என்பதை அதிலிருந்து அறியலாம். முழுதும் சுருங்கி இடிப்பதற்கு மக்கள் ‘அடிதட்டுகிறது’ என்கிறார்கள்; அடிதட்டல் என்று அப்படியே எடுத்துக்கொள்வோம்.

எண்ணெயின் தடைக்குத் ‘தணிப்பு’ போதும். சுருக்கம் என்று ஏற்கெனவே தொடங்கிவிட்டதால், சுருங்கும்போது செயல்படுவது சுருங்குதணிப்பு, மீளும்போது செயல்படுவது விரிதணிப்பு. எளிய கவைகளில் உள்ளே நிற்கும் தண்டிலுள்ள மாறாத துளைகள் வழியே எண்ணெய் பாய்கிறது. அங்கே தடை வேகத்தின் இருமடியை ஒட்டி ஏறுவதால், பிரேக் பிடிக்கும்போது நிகழும் மெதுவான தாழ்வுக்குத் தணிப்பு போதாமலும், கூரிய பள்ளத்தில் விழும்போது மிகுந்தும் போகிறது. கெட்டியான எண்ணெயை ஊற்றினால் இரண்டு முனையிலும் தடை கூடுமே தவிர இந்தக் குறை தீராது. மெல்லிய தகடுகள் வளைந்து வழிவிடும் கார்ட்ரிட்ஜ் வகையின் சிறப்பு இதில்தான் இருக்கிறது. அந்தத் தகடுகளுக்குத் ‘தகட்டடுக்கு’ என்பது எனக்கு நிறைவளிக்கிறது. கார்ட்ரிட்ஜை மட்டும் தயவுசெய்து ‘தோட்டா’ என்று எழுத வேண்டாம். அதைக் கார்ட்ரிட்ஜ் என்றே விடுவோம்.

‘எண்ணெய் மட்டம் 120 மில்லிமீட்டர்’ என்ற தொடரையும் மாற்றியாக வேண்டும். வில்லை வெளியே எடுத்து, கவையை முழுதும் சுருக்கி, குழாயின் வாயிலிருந்து எண்ணெயின் மேற்பரப்பு வரை அளப்பதுதான் அந்த எண். எண் பெரிதானால் எண்ணெய் குறைவு. மட்டம் 120 என்றால் 100ஐவிட எண்ணெய் அதிகம் என்றே எவரும் நினைப்பார். அளக்கப்படுவது காற்று இருக்கும் நீளம் என்பதால் ‘காற்றுநீளம்’ என்போம். அடைபட்ட அந்தக் காற்றும் ஒரு வில்லாகச் செயல்பட்டுக் கடைசிப் பகுதியில் விறைப்பைச் செங்குத்தாக ஏற்றுவதால், அடிதட்டலைத் தடுக்கக் காற்றுநீளத்தைச் சிறிது குறைத்துப் பார்ப்பதே செலவு குறைந்த வழி என்பதையும் கட்டுரையில் சேர்க்கலாம்.

1935இல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர்12 வண்டியில் எண்ணெய்த் தணிப்போடு கொண்டுவந்த கவை வகையைத் ‘தொலைநோக்கிக் கவை’ (telescopic fork) என்று பட்டியல் குறிக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் குழாய்கள்தாம் அதன் இயல்பு. ‘செருகுகுழற் கவை’ என்றால் பார்த்தவுடன் விளங்கும்.

வில், தணிப்பு எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்புக்கு (suspension) ‘இடைநீக்கம்’ என்பது பணியிலிருந்து விலக்குவதற்கான சொல். அதை உடனே நீக்கிவிடுவோம். ‘தாங்கி’ பேரிங்குக்கு உரியது, கவையின் தலைப்பகுதியிலேயே பேரிங் இருப்பதால் அதுவும் ஒத்துவராது. ‘ஏந்தமைப்பு’ என்றால் வில்லின் மேல் நிற்பது ஏந்துநிறை, சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பது ஏந்தாநிறை என்று மேலும் சொற்கள் கிளைக்கும். தமிழ்நாட்டில் பொருண்மையைக் குறிக்கும் நிறை ஈழத்தில் எடையைக் குறிக்கும் என்பது இங்கே தடையாகாது என்று நினைக்கிறேன். ஈழத்து நண்பர்கள் ‘திணிவு’ வேண்டும் என்றால் அதற்கும் உடன்படுகிறேன்.

தண்டின் தலையில் உட்கார்ந்து, துளைகளின் வேலையைத் தான் ஏற்றுக்கொள்ளும் எமுலேட்டர் வால்வுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘மேற்பொருத்து வால்வு’ அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது, செய்யும் வேலையைச் சொல்லவில்லை. கவையைப் பிரித்துப் பூட்டும் பழக்கமுள்ளவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் பட்டறையில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.