புதுப்பிப்பு: எஸ்யூவியில் படகு டிரெய்லர் இழுக்க எந்த ஹிட்ச்?

முதல் பதிவில் ஹிட்சின் (டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் இணைப்பு) தாங்குதிறனைச் சொல்லியிருந்தேன். ஹிட்சின் மேலுள்ள உருண்டையான பால் (ball) அளவையும், டிரெய்லரின் முன்முனை அதன்மேல் இறக்கும் எடையான முன்பாரத்தையும் பலர் கேட்டதால் இது.

50 மி.மீ. பாலில் 2 அங்குலக் (50.8 மி.மீ.) கப்ளரை, அதாவது டிரெய்லர் முனையில் பாலைக் கவ்வும் பூட்டை, மாட்டாதீர்கள். பூட்டியதுபோல் தெரிந்தாலும் லூஸாகவே நிற்கும். ஸ்பீட் பிரேக்கரில் கழன்றுவிடலாம். இரண்டிலும் பொறித்த எண்ணைப் பாருங்கள். ஹிட்சைச் சேசிஸில்தான் போல்ட் போட வேண்டும், பம்பரில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

1,000 கிலோ டிரெய்லருக்குப் பாலின்மேல் சுமார் 100 கிலோ இறங்கட்டும், வண்டியின் வரம்புக்குள். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கவாட்டுக் காற்றில் அது உயிருக்கே ஆபத்து. அவுட்போர்டு எஞ்சின் பின்னால் தொங்குவதால் முன்பாரம் எளிதில் குறையும். படகை முன்னே தள்ளிக் கட்டுங்கள்.

சேஃப்டி செயின்கள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். குளச்சல், முட்டம் கடற்கரைக்குப் போய் வந்தால் ஹிட்ச் பின் (pin), போல்ட் எல்லாவற்றையும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.